ராணியா, இல்லையா? முதுகைப் பாருங்க



சாலாக் செலாத்தான் பக்கம் இருக்கிறவங்களுக்கு மழை மாதங்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு தடவை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு தடவை. மதியம் மூன்று மணிக்கு வானம் கறுக்கும். நாலு மணிக்குக் கொட்டித் தீர்க்கும். ஆறு மணிக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில் அடிக்கும். அன்று ராத்திரி எல்.ஆர்.டி. ஸ்டேஷன் படிக்கட்டு, ஃப்ளாட் காரிடார், மாமாக் கடை வாசல் என்று எங்கே விளக்கு எரிந்தாலும் அதன் அடியில் இறகு வைத்த பூச்சிகள் விழுந்து கிடக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஈசல். மிச்சத்தில் சில, எறும்பு ராணிகள்.

எறும்பு வளர்ப்பது இப்போது நம் பிள்ளைகளிடம் நன்றாகவே பரவியிருக்கிறது. எங்கள் ஞாயிறு வகுப்பிலேயே நாலைந்து பேர் டெஸ்ட் டியூபும் பஞ்சுமாக அலைகிறார்கள். மழை பெய்த மறுநாள் காலையில் என் வாட்ஸ்அப்பில் வரிசையாகப் படம் வரும். "அண்ணா, இது ராணியா?" எல்லாப் படமும் மங்கல், எல்லாவற்றிலும் ஒரு கட்டைவிரல். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் மொத்தமாக இங்கே எழுதுகிறேன்.

"ராணியா இல்லையா, அதில் என்ன பெரிய விஷயம்?" என்று கேட்கலாம். ராணி இல்லாத ஒரு வேலைக்கார எறும்பைப் பிடித்து டியூபில் அடைத்தால், அது கூட்டத்தை விட்டுப் பிரிந்து சில வாரத்தில் சும்மா செத்துப் போகும். உண்மையான ராணியையே பிடித்து, அதன் வகை தெரியாமல் வைத்தால், பட்டினியில் சாகும். ஐரோப்பாவின் சாதாரணத் தோட்டத்துக் கறுப்பு எறும்பின் ராணி ஒன்று, ஆய்வுக்கூடத்தில் 28 ஆண்டுகளுக்கும் மேல் உயிரோடு இருந்திருக்கிறது. நம்மில் பலருடைய வயதை விட அதிகம். அப்படிப்பட்ட ஓர் உயிரைக் கையில் எடுக்கும்போது அது யார் என்றாவது தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?

முதலில் அது எறும்புதானா?

இதை வேகமாக முடித்துவிடலாம். ஈசல் என்பது கறையானின் இறகு முளைத்த உருவம். மலாய்க்காரர்கள் கெல்கத்து என்பார்கள். அதன் நாலு இறகும் ஒரே நீளம். உணர்கொம்பு மணி கோத்த மாதிரி நேராக இருக்கும். இடுப்பு கிடையாது, உடம்பு ஒரே தடிமன். எறும்புக்கு முன் இறகு பெரிது, பின் இறகு சிறிது. உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒல்லியான இடுப்பு, அதில் ஒன்றோ இரண்டோ கணு.

கால்களையும் ஒரு தடவை எண்ணிவிடுங்கள். கிரேங்கா எறும்பைப் போலவே வேஷம் போடுகிற குதிக்கும் சிலந்தி ஒன்று நம்ம ஊர் மரங்களில் உண்டு. நடை, நிறம், இடுப்பு, எல்லாம் அச்சு அசல் எறும்பு. எட்டுக் கால் மட்டும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அளவை நம்பாதீங்க

"பெருசா இருந்துச்சு, அதான் ராணின்னு நெனச்சேன்." எனக்கு வரும் படங்களில் பாதி இந்தக் காரணத்தால்தான் வருகிறது. நம் நாட்டில் அளவை நம்பி முடிவெடுப்பது மாதிரி மோசமான வழி வேறு இல்லை.

தீபகற்ப மலேசியாவின் காடுகளிலும் போர்னியோவிலும் டைனோமிர்மெக்ஸ் கிகாஸ் என்ற எறும்பு இருக்கிறது. உலகின் மிகப் பெரிய எறும்புகளில் ஒன்று. ராத்திரியில்தான் அதிகம் நடமாடும். அதன் வேலைக்கார எறும்பே 2 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். நம் வீட்டு ஓரத்தில் கிடைக்கிற பல ராணிகள் அதன் பக்கத்தில் நின்றால் குழந்தை மாதிரி தெரியும். காட்டுக்கு மலையேறப் போய், ராத்திரி கூடார வாசலில் அதைப் பார்த்தவர்கள் "ராணியைப் பார்த்தேன்" என்று சொல்வதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் அவர்கள் பார்த்தது சாப்பாடு தேடி வந்த ஒரு சாதாரண வேலைக்காரி.

அடுத்தது பெரிய தலைக்காரர்கள். ஃபெய்டோல் என்ற சின்ன எறும்புக் கூட்டத்தில் சில எறும்புகளுக்கு மட்டும் தலை உடம்பை விடப் பெரிதாக இருக்கும். கரேபாரா டைவர்சா என்ற சூறையாடும் எறும்பில் இந்த வித்தியாசம் இன்னும் மோசம். ஒரே கூட்டில், ஒரே தாய்க்குப் பிறந்த சகோதரிகளில், மிகப் பெரியதன் எடை மிகச் சிறியதைப் போல 500 மடங்கு வரை இருக்கும். சின்னவர்கள் பெரியவளின் தலை மேல் ஏறி உட்கார்ந்து சவாரி போவதைப் பார்க்கலாம். அந்தப் பெரியவளைப் பார்த்தால் யாருக்குமே ராணி என்றுதான் தோன்றும். அவளும் வேலைக்காரிதான். லாரி மாதிரி, பாரம் தூக்கப் பிறந்தவள்.

மூன்றாவது கண்ணி எனக்கு ரொம்பப் பிடித்தது. டயகம்மா. பூங்காக்களிலும் தாமான் ஓரத்துப் புல்வெளிகளிலும் தனியாக, நிதானமாக நடக்கும் கறுப்பு எறும்பு. ஒரு சென்டிமீட்டர் இருக்கும். உடம்பு முழுக்கக் கைரேகை மாதிரி வளைந்த கோடுகள், வெயிலில் லேசாக மினுமினுக்கும். இடுப்புக் கணுவின் மேல் இரண்டு முள். பெரிது, அழகு, தனியாக வருகிறது. அப்படின்னா ராணியாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடித்து வந்துவிடுவோம். ஆனால் டயகம்மா இனத்தில் ராணி என்ற பிறவியே கிடையாது!

பிறகு யார் முட்டையிடுவது? ஒவ்வொரு வேலைக்கார எறும்பும் பிறக்கும்போது மார்பின் இரு பக்கமும் இறகு முளைக்க வேண்டிய இடத்தில் இரண்டு குட்டி மொட்டுகளோடு பிறக்கிறது. கூட்டில் ஒரே ஒருத்தி மட்டும் அந்த மொட்டுகளைத் தக்க வைத்துக்கொள்கிறாள். புதிதாகப் பிறக்கிறவர்களின் மொட்டுகள் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே கடித்து எடுக்கப்படும். மொட்டு போனவள் இணை சேர முடியாது, காலமெல்லாம் வேலைதான். மொட்டு உள்ளவள்தான் இணை சேர்ந்து முட்டையிடுவாள். 1989ஆம் ஆண்டு ஜப்பானிய, ஆஸ்திரேலிய டயகம்மா இனங்களில் இதை ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அரண்மனை அரசியல் மெகா சீரியலில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்.

அதனால் புல்லில் தனியாக நடக்கும் டயகம்மாவைப் பார்த்தால் ரசித்துவிட்டு விட்டுவிடுங்க. அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.

முதுகுதான் சாட்சி

சரி, எதைப் பார்ப்பது? முதுகை. இன்னும் சரியாகச் சொன்னால் மார்புப் பகுதியை, அதாவது தலைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஆறு காலும் சேரும் இடத்தை. அதை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்க.

வேலைக்கார எறும்பின் மார்பு ஒல்லியாக இருக்கும். மேலே ஓரிரு மடிப்புகள் தெரியலாம், அவ்வளவுதான். ராணியின் மார்பு ஒரு சின்னப் பீரங்கிக் குண்டு மாதிரி தடித்து, உயர்ந்து, பல தகடுகளைச் சேர்த்துப் பொருத்திய மாதிரி இருக்கும். பல இனங்களில் மார்பின் அகலம் தலையின் அகலத்தோடு போட்டி போடும். இரு பக்கமும், பக்கத்துக்கு இரண்டாக, மொத்தம் நாலு சின்னத் தழும்பு தெரியும். இறகு உதிர்ந்த இடம் அது. வேலைக்கார எறும்புக்கு எந்தக் காலத்திலும் இறகு இருந்ததில்லை, அதனால் இந்தத் தழும்பும் இருக்க வாய்ப்பில்லை. நெற்றி உச்சியில் முக்கோணமாக மூன்று குட்டிக் கண்களும் ராணிக்கு இருக்கும். ஆனால் சில இனங்களில் வேலைக்கார எறும்புகளுக்கும் அது உண்டு. அதனால் கண்ணைத் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்க. முதல் சாட்சி முதுகு.

ஏன் இவ்வளவு பெரிய மார்பு? நான் மெக்கானிக்கல் படிக்கிறவன், எனக்கு இது ஒரு மோட்டார் கூடு மாதிரி தெரிகிறது. உள்ளே இருப்பது பறக்கும் தசை. ராணி வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பறக்கிறாள். அந்த ஒரு பயணத்துக்காக இத்தனை பெரிய எந்திரம். கீழே இறங்கியதும் இறகை அவளே காலால் தள்ளி உதிர்த்துவிடுவாள். அதன் பிறகு அந்தத் தசை என்ன ஆகிறது?

இதை நுணுக்கமாக ஆராய்ந்தவர் நம்ம ஆள். அதாவது, ஓர் என்ஜினியர். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த சார்ல் ஜானே, 1849இல் பிறந்தவர். தொழிற்சாலை நிர்வாகம் பார்த்துக்கொண்டே எறும்புகளை ஆராய்ந்தார். கண்ணாடி வழியே பார்க்கக்கூடிய பிளாஸ்டர் கூடுகளை உருவாக்கினார். இன்று நாம் கடையில் வாங்கும் பிளாஸ்டர் கூடுகளுக்கு அவரை ஒரு முன்னோடி என்று சொல்லலாம். வயதான காலத்தில் தனிம அட்டவணைக்கும் புது வடிவம் ஒன்று கொடுத்தார், அது வேறு கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் ராணிகளின் உடலை மெல்லிய துண்டுகளாகச் சீவிப் பார்த்து, இறகு உதிர்ந்த பிறகு அந்தப் பறக்கும் தசை உள்ளுக்குள்ளேயே கரைந்து போவதைக் காட்டினார். கரைந்தது வீணாகவில்லை. அதுவே முட்டையாகவும் முதல் குஞ்சுகளுக்கு உணவாகவும் மாறுகிறது.

யோசித்துப் பாருங்க. இனி தேவையில்லாத எந்திரத்தைப் பிரித்து, அதையே எரிபொருளாக்கி, முதல் பிள்ளைகளை வளர்க்கிறாள். வெளியே வருவதில்லை, ஒரு வாய் சாப்பிடுவதில்லை. கதவை அடைத்துக்கொண்டு இருட்டில் மாதக்கணக்கில் இருக்கிறாள். கட்டெறும்பு வகையைச் சேர்ந்த காம்போனோட்டஸ் ராணிகள் இப்படித்தான். கிரேங்கா ராணியும் இப்படித்தான்.

எல்லா ராணியும் இப்படியா என்றால், இல்லை. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சாப்பிடுகிற ராணி, சாப்பிடாத ராணி

தீபாவளி லீவில் கிள்ளானில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகன் இரண்டாம் படிவம் படிக்கிறான். வந்ததும் வராததுமாக அலமாரிக்குள்ளிருந்து ஒரு டெஸ்ட் டியூபை எடுத்துக் காட்டினான். உள்ளே கருப்பு ராணி, கண்டிப்பாக ராணிதான், தழும்பு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் நடையில் தெம்பில்லை. முட்டையும் இல்லை.

"எத்தனை நாளாச்சு தம்பி?"

"மூணு வாரம் அண்ணா. சாப்பாடே குடுக்கல. குடுக்கக்கூடாதுன்னு வீடியோல சொன்னாங்க."

வீடியோவில் சொன்னதில் தப்பில்லை. அது காம்போனோட்டஸுக்குச் சொன்னது. இவன் வைத்திருந்தது ஓடோன்டோபோனேரா, உடம்பெங்கும் வரி வரியாகக் கோடு போட்ட, கொட்டுகிற எறும்பு. நம்ம ஊர் வடிகால் ஓரமெல்லாம் இருக்கும். அதன் ராணி வேலைக்கார எறும்பை விடக் கொஞ்சம்தான் பெரிது. இந்தக் குடும்பத்து ராணிகளில் பெரும்பாலானவை கதவை முழுசாக அடைத்துக்கொள்வதில்லை. முட்டையிட்டு வைத்துவிட்டு, தானே வெளியே போய் வேட்டையாடிச் சாப்பிட்டு வரும். அதைப் பட்டினி போட்டால் முட்டையும் வராது, அதுவும் பிழைக்காது.

இனத்தின் பெயர் தெரியாமலே இதைக் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும், அதுவும் முதுகிலேயே எழுதியிருக்கிறது. 2014ஆம் ஆண்டு ராபர்ட்டோ கெல்லர், கிறிஸ்டியன் பீட்டர்ஸ், பட்ரீசியா பெல்டாடே என்ற மூன்று ஆய்வாளர்கள் ஈலைஃப் என்ற அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல இன எறும்புகளின் மார்பை அளந்து ஒப்பிட்டார்கள். மார்பின் முன் துண்டை நான் முன்முதுகு என்கிறேன், அதற்குப் பின்னால் இருப்பதை நடுமுதுகு. நடுமுதுகுக்குள் பறக்கும் தசை இருக்கிறது. முன்முதுகுக்குள் கழுத்தை இயக்கும் தசை இருக்கிறது.

வேலைக்கார எறும்புக்குப் பறக்கத் தேவையில்லை. ஆனால் தன்னை விடக் கனமான பொருளைத் தாடையில் கவ்வித் தூக்க வேண்டும். அதற்குப் பலமான கழுத்து வேண்டும். அதனால் அதன் முன்முதுகு பெரிது, நடுமுதுகு சிறிது. ராணியில் இது தலைகீழ். ஆனால் ராணிகளிலேயே இரண்டு மாதிரி இருப்பதை அவர்கள் பார்த்தார்கள். கதவடைத்து உட்காரும் ராணிக்கு வேட்டை இல்லை, கழுத்துப் பலமும் தேவையில்லை. முன்முதுகு குறுகி, மேலிருந்து பார்த்தால் தலைக்குப் பின்னால் உடனே நடுமுதுகின் மேடு தொடங்கிவிடும். வெளியே போய் வேட்டையாடும் ராணிக்குப் பறக்கவும் வேண்டும், தூக்கவும் வேண்டும். அதனால் தலைக்கும் மேட்டுக்கும் நடுவில் முன்முதுகு ஓர் அகலமான காலர் மாதிரி நன்றாகத் தெரியும்.

நான் தம்பியின் டியூபை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியில் மேக்ரோ லென்ஸ் மாட்டி மேலிருந்து எடுத்தேன். சட்டைக் காலர் மாதிரி அகலமாக முன்முதுகு. சித்தி வீட்டு ஸ்டோர் ரூம் கதவில் கறையான் இருந்தது (சித்தி, மன்னிக்கணும், ஊருக்கே சொல்லிட்டேன்). அதில் ஒன்றைத் தட்டி எடுத்து டியூப் வாயில் வைத்தோம். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ராணி பாய்ந்து கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டு போனது. தம்பி மூச்சே விடவில்லை. இரண்டு வாரம் கழித்து அவன் அனுப்பிய படத்தில் நீளமான வெள்ளை முட்டைகள் ஆறு இருந்தன.

இந்த விதியைச் சட்டப் புத்தகம் மாதிரி எடுத்துக்கொள்ளாதீங்க. நடுவில் நிற்கிற இனங்களும் உண்டு. சந்தேகமாக இருந்தால், ஒரு கறையானும் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீரும் வைத்துப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. சாப்பிடாத ராணிக்கு அதனால் கொஞ்சம் தொந்தரவு, அவ்வளவுதான். பட்டினிக்கு மருந்து கிடையாது.

எந்தக் குடும்பம்?

முதுகுக்கு அடுத்து இடுப்பு. ஒற்றைக் கணு இருந்து, வயிறு வழவழப்பாக, கொட்டும் ஊசி இல்லாமல் இருந்தால் காம்போனோட்டஸ், கிரேங்கா போன்றவர்களின் குடும்பமாக இருக்கலாம். வயிற்று நுனியில் வட்டமாக ஒரு துளையும் சுற்றி மயிரும் இருந்தால் உறுதி. அந்தத் துளை வழியாகத்தான் அமிலம் பீய்ச்சுவார்கள். ஒற்றைக் கணு இருந்து, வயிற்றின் முதல் துண்டுக்கும் இரண்டாம் துண்டுக்கும் நடுவில் ஒரு சுருக்கம் விழுந்து, கொட்டவும் செய்தால் தம்பி வைத்திருந்த ஓடோன்டோபோனேராவின் குடும்பம். இரட்டைக் கணு என்றால் ஃபெய்டோல், நெருப்பெறும்பு, கரேபாரா எல்லாம் அடங்கிய பெரிய குடும்பமாக இருக்க அதிக வாய்ப்பு.

இரட்டைக் கணு வைத்த இன்னொருத்தியைப் பற்றி எச்சரிக்கை. டெட்ராபோனேரா ரூஃபோநிக்ரா. தலையும் வயிறும் கறுப்பு, நடுவில் ஆரஞ்சு. பட்டுப்போன கிளைகளில் இருப்பாள். அவள் கொட்டினால் உடம்பெல்லாம் ஒவ்வாமை வந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போனவர்கள் உண்டு. எந்த எறும்பையும் விரலால் எடுக்க வேண்டாம். பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகினால் போதும்.

கிரேங்கா ராணியை மட்டும் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். வேலைக்கார எறும்பு ஆரஞ்சு, ராணி பச்சை. 1775இல் ஃபாப்ரிசியஸ் அதற்கு வைத்த ஸ்மராக்டினா என்ற பெயருக்கே மரகதம் என்றுதான் பொருள்.

நம் வீட்டுக் கறுப்பு எறும்பு, பாட்டிமார்கள் பிள்ளையார் எறும்பு என்று சொல்லி மிதிக்காமல் தாண்டிப் போவார்களே, நீளக் காலோடு குறுக்கும் நெடுக்கும் ஓடும், அதன் ராணியை மட்டும் விளக்கடியில் தேடாதீங்க. அவர்கள் கூட்டுக்குள்ளேயே இணை சேர்ந்துவிடுவார்கள். ஒரு கூட்டில் பல ராணிகள் இருப்பார்கள். தனியாக வந்து புதுக் கூடு தொடங்கும் பழக்கமே இல்லை.

விளக்கடியில் இறகோடு கிடைப்பவர்களில் ஆண்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் மார்பு பெரிதுதான், பறக்க வேண்டுமே. ஆனால் தலை ரொம்பச் சின்னது, கண் பெரிது, உணர்கொம்பு சரியாக முழங்கை மாதிரி மடங்காது. சில நாளில் இறந்துவிடுவார்கள், வளர்க்க முடியாது. இறகு உதிர்ந்துவிட்டால் ராணி இணை சேர்ந்துவிட்டாள் என்று சத்தியம் செய்யவும் முடியாது. இணை சேராமலே இறகை உதிர்ப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்டவள் இடும் முட்டையிலிருந்து ஆண்கள்தான் வருவார்கள். கருவுறாத முட்டை ஆணாவது எறும்பின் இயல்பு.

எடுக்கலாமா?

இந்தக் கேள்வியை வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. வாசலில் அரிசி மாவுக் கோலம் போட்டு எறும்புக்குச் சோறு வைத்த பரம்பரை நாம். (இப்போது பாதி வீட்டில் ஸ்டிக்கர் கோலம், எறும்புக்கு அதில் ஒன்றும் இல்லை.) திருச்சிக்குப் பக்கத்தில் திருவெறும்பூரில் சிவபெருமானுக்கு எறும்பீஸ்வரர் என்றே பெயர். தேவர்கள் எறும்பு உருவெடுத்து வழிபட்ட தலம், அப்பர் பாடிய தலம். அப்படியிருக்க ஓர் உயிரைப் பிடித்து டியூபில் வைக்கலாமா?

என் பதில் இது. விளக்கடியில் விழுந்த ராணிகளில் மிகப் பெரும்பாலானவர்கள் விடிவதற்குள் பல்லிக்கும் பறவைக்கும் காலடிக்கும் போய்விடுவார்கள். அவர்களில் ஒருத்தியை எடுத்து, சரியாக அடையாளம் கண்டு, அவளுக்கு ஏற்ற மாதிரி வளர்த்தால் எனக்கு மனசு உறுத்தவில்லை. ஆனால் இருக்கிற கூட்டைத் தோண்டி ராணியை எடுப்பது வேறு. ஒருத்திக்காக ஒரு குடும்பமே அழியும். அதை நான் செய்ய மாட்டேன், செய்கிறவனுக்கு உதவவும் மாட்டேன். வனக் காப்பகங்களிலிருந்தும் அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக்கூடாது.

காசுக்காக எடுப்பது எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு நிஜ உதாரணம். 2025 ஏப்ரலில் கென்யாவில் பெல்ஜியம் நாட்டு இளைஞர்கள் இருவர் பிடிபட்டார்கள். நம்மை விடச் சின்ன வயசு. அவர்களிடம் சுமார் 5,000 ராணி எறும்புகள், பெரும்பாலும் நாம் வைப்பது மாதிரியே பஞ்சு அடைத்த டியூபுகளில். வெளிநாட்டு எறும்பு வளர்ப்பவர்களுக்கு விற்கக் கடத்தியது என்பதுதான் அதிகாரிகள் சொன்னது. ஆளுக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், இல்லையென்றால் 12 மாதம் சிறை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிடித்த ராணியை வேண்டாம் என்று விடுவதானால், பிடித்த இடத்திலேயே விடுங்க. வெளிநாட்டு எறும்பை வாங்கவே வேண்டாம். மனிதர்களின் கப்பலோடு போய்ச் சேர்ந்த மஞ்சள் நிற நீள்கால் எறும்பு ஒன்று, கிறிஸ்துமஸ் தீவில் சிவப்பு நண்டுகளை மில்லியன் கணக்கில் கொன்றிருக்கிறது.

குறிப்பு எழுதுங்க

டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், பஞ்சு, ராணி, வாயில் இன்னொரு பஞ்சு, பிறகு இருட்டு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேட்டையாடும் ராணி என்றால் டியூபின் வாயை ஒரு சின்ன மூடிய டப்பாவுக்குள் திறந்து வையுங்க, மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை ஒரு சின்ன இரை, மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுங்க. சிலர் ஃபிரிட்ஜில் வைத்து மயக்கிப் படம் எடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அசையாமல் நிற்கும் வரை காத்திருந்தாலே படம் கிடைக்கும்.

பிடித்த அன்றே எழுத வேண்டியவை: தேதி, மணி, மழை எப்போது நின்றது, எந்த இடம், என்ன விளக்கு. ரூலர் பக்கத்தில் வைத்து மூன்று படம்: மேலிருந்து முதுகு, பக்கவாட்டில் இடுப்பு, நேராக முகம். எனக்கு அனுப்பும்போதும் இந்த மூன்றையும் அனுப்புங்க. கட்டைவிரல் வேண்டாம்.

சரியான இனப் பெயருக்கு அவசரப்படாதீங்க. உலக எறும்புப் பேரினங்களுக்காக பாரி போல்ட்டன் 1994இல் வெளியிட்ட வழிகாட்டி உட்பட, எறும்பைப் பிரித்துப் பெயர் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் வேலைக்கார எறும்பை வைத்தே எழுதப்பட்டவை. ராணியை மட்டும் பார்த்து இனப் பெயர் சொல்ல நிபுணர்களே தயங்குவார்கள். டியூபின் மேல் இப்போதைக்குக் குடும்பப் பெயரையோ பேரினத்தையோ பென்சிலில் எழுதி ஒட்டுங்க. முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம். அவர்கள் சத்துக் குறைவாக வளர்ந்தவர்கள், அளவில் ரொம்பச் சின்னவர்கள், அவர்களை அளந்தும் ஏமாறக்கூடாது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை வந்த பிறகு ஒருத்தியை லென்ஸில் பாருங்க, நூலோடு ஒப்பிடுங்க, அப்போது பேனாவால் எழுதலாம்.